இரைச்சலுக்குக் கும்பாபிஷேகம்

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சிண்டி கேம்பல் என்ற பெண்ணுக்குப் பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்க வேண்டியிருந்தது. கையில் காசு போதவில்லை. கட்டடத்தின் பொது அறையைப் பிடித்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று கட்டணம் வைத்தாள். பாட்டுப் போட அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணன் பெயர் கிளைவ். ஊர் வாயில் டி.ஜே. கூல் ஹெர்க். ஹிப்-ஹாப் பிறந்தது அன்றைக்குத்தான் என்று இப்போது அமெரிக்காவே ஒப்புக்கொண்டு விழா எடுக்கிறது. சிண்டி என்ன துணி வாங்கினாள் என்று மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை.

கொண்டாட்டம் நடந்ததே தவிர, அதற்குப் பிறகு ஆறு வருஷம் இந்த இசைக்கு ஆல்பம் கிடையாது, கம்பெனி கிடையாது, மாஸ்டர் டேப் கிடையாது. பூங்காவில் தெருவிளக்குக் கம்பத்தின் மூடியைத் திறந்து கரண்டை இழுத்து, ஆள் உயர ஸ்பீக்கர்களை அலறவிட்டால் அதுதான் வெளியீடு. ஹெர்க் தன்னுடைய ஸ்பீக்கர்களுக்கு ‘ஹெர்குலார்ட்ஸ்’ என்று நாமகரணமே செய்துவைத்திருந்தார். கூட்டத்தில் யாராவது கேசட் ரெக்கார்டரை அமுக்குவார்கள். அந்தக் கேசட்டிலிருந்து நாலு, நாலிலிருந்து நாற்பது. பிராங்க்ஸில் ஓடிய வாடகைக் கார்களில் ஒலித்தவை இவைதான். பிரதி எடுக்க எடுக்க ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் கூடும், ட்ரெபிள் தேயும். ஐந்தாவது கை மாறி வந்த கேசட்டில் பாடுவது ஒருவரா, நாலு பேரா என்பதே அவரவர் ஊகம். அதையும் ஜனம் காசு கொடுத்து வாங்கியது.

இந்தப் பழங்கதையை முதலிலேயே இழுப்பதற்குக் காரணம் உண்டு. பழைய ராப் ஆல்பம் ஒன்று ரீமாஸ்டர் செய்யப்பட்டு வரும்போதெல்லாம் “ஒரிஜினல் மாதிரி வருமா?” என்று ஒரு கோஷ்டியும், “அழுக்கெல்லாம் போய் என்ன தெளிவு பாருங்கள்” என்று இன்னொரு கோஷ்டியும் மல்லுக்கு நிற்கின்றன. இவர்கள் தேடுகிற அந்த மூலப்பிரதி இந்த இசைக்கு எந்தக் காலத்தில் இருந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடாத சங்கதி.

1977 ஜூலை 13 இரவு நியூயார்க் முழுக்கக் கரண்ட் போனது. கடைகள் உடைந்தன. விடிந்து பார்த்தால் பிராங்க்ஸில் திடீரென்று தெருவுக்குத் தெரு டி.ஜே.க்கள். கிராண்ட்மாஸ்டர் காஸ் முதலான அந்தக் காலத்து ஆட்களே இதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். “மிக்ஸர் எங்கே வாங்கினாய்?” என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பது அன்றைய பண்பாடு.

இரண்டு வருஷம் கழித்து அதே காஸுக்கு ஒரு அனுபவம். நியூ ஜெர்சியில் சில்வியா ராபின்சன் என்ற பாடகி-தயாரிப்பாளர் புதிதாக ஒரு இசைத்தட்டுக் கம்பெனி ஆரம்பித்து, ராப் பாட ஆள் தேடிக்கொண்டிருந்தார். பீட்ஸா கடை ஒன்றில் டேப்பைப் போட்டுக்கொண்டு கூடவே பாடிக்கொண்டிருந்த ஹாங்க் என்ற கனத்த இளைஞர் அகப்பட்டார். ஹாங்குக்குச் சொந்தமாக வரி எழுத வராது. காஸிடம் போய் நோட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை: காஸ் தன் பட்டப்பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளும் இடமும் அந்த வரிகளில் இருந்தது. ஹாங்க் அதையும் விடாமல் பாடினார். இன்னொருவன் பெயரைத் தன் பெயராக எழுத்துக்கூட்டிச் சொல்லும் அந்தப் பாட்டுதான் 1979-ல் உலகைக் கலக்கிய ‘ராப்பர்ஸ் டிலைட்’. பின்னணித் தாளம் ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’. அதை ஸ்டுடியோ வாத்தியக்காரர்களை உட்காரவைத்து அப்படியே வாசிக்க வைத்தார்கள். ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்கு என்று மிரட்டியதும் அவர்கள் பெயரும் தட்டில் ஏறியது. காஸ் பெயர் ஏறவில்லை; பாட்டுக்குள் மட்டும் இருக்கிறது. ‘ஒரிஜினல் பிரஸ்ஸிங்’ என்று சேகரிப்பாளர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்து வணங்குவது இதைத்தான்.

எண்பதுகளில் விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. அதுவும் சரக்குக் குறைபாட்டோடுதான் வந்தது. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-ல் இறக்கிய டி.ஆர்.-808 டிரம் மெஷினுக்குள் இருந்தவற்றில் சில, ஆலை நிராகரித்த டிரான்சிஸ்டர்கள். அந்தக் கோளாறுதான் அதன் சத்தத்துக்கு ருசி கொடுத்தது என்று கம்பெனியை ஆரம்பித்த இகுதாரோ ககேஹாஷியே சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் டிரான்சிஸ்டர் செய்கிறவர்கள் தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பழுதான சரக்கு கிடைக்காமல் மெஷினே நின்றுபோனது. விற்றது சுமார் 12,000. நிஜ டிரம் மாதிரியே இல்லை என்று பெரிய வித்வான்கள் கைகழுவிவிட்டதால் பழைய சாமான் கடைக்கு வந்தது. காசில்லாத ராப் பையன்கள் கைக்குப் போனது. அடிவயிற்றில் இறங்கும் அந்த ‘பூம்’ இன்றைக்கும் பக்கத்துக் கார் கண்ணாடியை அதிரவைக்கிறது.

அடுத்து வந்தது நம் கதையின் நிஜமான கதாநாயகன். 1987-ல் இ-மியூ என்ற கலிஃபோர்னியா கம்பெனியின் எஸ்.பி.-1200 என்ற சாம்ப்ளர். ஏதாவது இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டு ஒலியை, அதாவது ‘சாம்பிளை’, உள்ளே வாங்கிக்கொள்ளும். பட்டனைத் தட்டினால் திருப்பிக் கொடுக்கும். மொத்த ஞாபகசக்தி பத்து விநாடி. ஒரே மடக்கில் இரண்டரை விநாடிக்கு மேல் விழுங்காது. சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று மினுக்கிக்கொண்டிருந்த நாளில் இது 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ். அந்தக் கணக்குப்படி 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சிம்பல் ஜொலிப்பெல்லாம் வாசலோடு சரி.

பத்து விநாடியை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது? பையன்கள் வழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று சுற்ற வேண்டிய தட்டை 45-ல் ஓடவிட்டு, கீச்சுக்குரலில் வேகமாக ஓடும் அந்த ஒலியைப் பதிந்துகொள்வது. பிறகு மெஷினுக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்கு இறக்குவது. பத்து விநாடிக்குள் பதின்மூன்றரை விநாடிச் சரக்கு அடங்கியது. இந்தச் சிக்கனத்தில் ஒரு துணைவிளைவு: ஒலியை நீட்டும்போது மெஷின் போடும் ஒட்டுகள் வெளியே தெரிந்தன. காய்ந்துபோன, கரகரத்த, மூஞ்சியில் அறைகிற ஒரு டிரம் சத்தம் பிறந்தது. பீட் ராக்கும் லார்ஜ் ப்ரொஃபஸரும் கொடிகட்டிப் பறந்தது இந்தக் கரகரப்பின் மேல்தான். மெஷின் வேறு வழியில்லாமல் செய்த அசிங்கத்துக்கு ரசிகர்கள் ‘கதகதப்பு’ என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒரு டிரம் அடியைப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம். 1969-ல் வின்ஸ்டன்ஸ் என்ற குழுவின் டிரம்மர் கிரெகரி கோல்மன் ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டின் நடுவே ஆறேழு விநாடி தனியாக வாசித்தார். அது டேப்பில் விழுந்தது. டேப்பிலிருந்து அச்சு, அச்சிலிருந்து தட்டு. தட்டு யார் யார் வீட்டிலோ ஓடி, கீறல் வாங்கி, தூசி தின்றது. பதினெட்டு, பத்தொன்பது வருஷம் கழித்து அந்த ஆறேழு விநாடியை ஒரு சாம்ப்ளர் உறிஞ்சியது, வேகம் மாறியது, மறுபடி டேப்பில் ஏறியது, மேலே மூன்று பேர் கத்தினார்கள், 1988-ல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ ஆகக் கேசட்டிலும் தட்டிலும் சிடியிலும் வந்தது. பிறகு அதை ரீமாஸ்டர் செய்தார்கள். இத்தனை படிக்கட்டில் எந்தப் படியில் நின்றுகொண்டு ‘மூல ஒலித்தரம்’ என்று கைகூப்புவது? கோல்மன் அடித்த அன்று அந்த அறையில் கேட்டதுதான் மூலம் என்றால், அதற்கான பணமாவது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு சென்ட் போகவில்லை.

பப்ளிக் எனிமி குழுவினர் இன்னும் ஒரு படி மேலே. ‘பாம் ஸ்குவாட்’ என்று பெயர் வைத்துக்கொண்ட அவர்களுடைய தயாரிப்பு அணிக்கு இரைச்சல் என்பது பக்கவிளைவு இல்லை, கொள்கை. ஹாங்க் ஷாக்லியும் கூட்டாளிகளும் ஜேம்ஸ் பிரவுன் வாத்தியக்காரர்களின் ஒரு சாக்ஸஃபோன் கிறீச்சலை எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு முழுப் பாட்டை ஓட்டினார்கள். வீட்டில் பெரியவர்கள் “குக்கரை அணைத்துத் தொலை” என்று கத்தும் ரகம். 1988-ல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் பத்துப் பதினைந்து துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று சண்டை போடுகின்றன. அதைச் சுத்தப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது கிளம்பினால், சுத்தப்படுத்திய பிறகு மிஞ்சுவது பாடகர் சக் டி-யின் தொண்டை மட்டும்தான்.

1993-ல் வூ-டாங் கிளான். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டிலிருந்தும் புரூக்ளினிலிருந்தும் ஒன்பது பேர், கையில் சில்லறை. முதல் பாட்டுப் பதிவுக்கு ஆளுக்கு நூறு டாலர் கொண்டுவந்தால்தான் மைக் என்று தலைவர் ரிஸா வசூலித்த கதை பிரசித்தம். ஆல்பம் முழுக்கக் குங்ஃபூ பட வசனங்கள். அவை ஹாங்காங் ஸ்டுடியோவின் பெட்டகத்திலிருந்து முத்திரையோடு வரவழைக்கப்பட்டவை அல்ல. தேய்ந்த விஎச்எஸ் வீடியோ கேசட்டிலிருந்து பிடித்தவை. டப்பிங் செய்தவனின் மூச்சு, கேசட்டின் இரைச்சல், வீடியோ பிளேயரின் முனகல் எல்லாம் சேர்ந்தே இசை. இந்த ஆல்பத்தை இரைச்சல் நீக்கி வெளியிடுவது என்றால், முதலில் ஆல்பத்தைத்தான் நீக்க வேண்டும்.

சுத்தமாக வேலை செய்தவர்களும் இருந்தார்கள். ‘எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்’ குழுவுக்கு முறையாக இசை படித்த பாப் பவர் என்ற ஒலிப்பொறியாளர் வாய்த்தார். பையன்கள் கொண்டுவரும் கரகரத்த துண்டுகளைக் கழுவித் துடைத்து, ஒன்றுக்கொன்று சுருதி சேர்கிறதா என்று பார்த்து உட்காரவைத்தார். 1991-ல் வந்த அவர்களுடைய ‘தி லோ எண்ட் தியரி’யில் ஜாஸ் மேதை ரான் கார்ட்டரே ஒரு பாட்டுக்கு வந்து டபுள் பாஸ் வாசித்தார், கெட்ட வார்த்தை கூடாது என்று நிபந்தனை போட்டு வந்ததாகச் சொல்வார்கள். மேற்குக் கரையில் டாக்டர் டிரே இன்னும் கறார். 1992-ன் ‘தி க்ரானிக்’ ஆல்பத்தில் பழைய பாட்டை அப்படியே உருவாமல், வாத்தியக்காரர்களை வைத்துப் பெரும்பகுதியைத் திரும்ப வாசிக்கவைத்தார். பேனா முனையில் தூசி இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார் என்கிற மாதிரியான ஆள்.

இங்கே கொஞ்சம் தொழில் விவகாரம். பாட்டைப் பதிவதும் மிக்ஸ் செய்வதும் முடிந்த பிறகு கடைசியாக நடப்பது மாஸ்டரிங். முடிந்துபோன கலவையை எடுத்து, பாஸ் எவ்வளவு, ட்ரெபிள் எவ்வளவு, மொத்தச் சத்தம் எவ்வளவு என்று தீர்மானித்து, தட்டுக்கோ சிடிக்கோ தோதாக ஆக்குவது. இசைத்தட்டில் பாஸ் கூடினால் பள்ளம் அகலமாகும், ஊசி எகிறும். ஒரு பக்கத்தில் அதிக நிமிடம் திணித்தால் சத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரே பாட்டுக்காக ஒரு பன்னிரண்டு அங்குலத் தட்டை டி.ஜே.க்கள் வாங்கியதன் ரகசியம் அதுதான்: பள்ளத்துக்குத் தாராளமாக இடம், சத்தம் அட்டகாசம். சிடி வந்தபோது இந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் ஆரம்பகாலச் சிடிகளை உருவாக்கியவர்கள் தட்டுக் காலத்துப் பயத்தோடேயே இருந்தார்கள். மேலே கணிசமான இடத்தைக் காலியாக விட்டு அடக்கமாக அச்சிட்டார்கள். எண்பதுகளின் ராப் சிடியை இன்றைக்குப் போட்டால் ‘வால்யூம் என்னாச்சு?’ என்று கைபோவது அதனால்தான்.

1994-ல் வேவ்ஸ் என்ற கம்பெனி எல்-1 என்ற லிமிட்டர் மென்பொருளை வெளியிட்டது. வேலை எளிது: பாட்டில் எங்கெல்லாம் சத்தம் உச்சிக்கு எகிறுகிறதோ அந்தத் தலைகளை அமுக்கிவிட்டு, மொத்தத்தையும் மேலே தூக்குவது. சிடிக்குக் கூரை ஒன்றுதான். அதற்கு மேல் போக முடியாது. ஆகவே கூரையை முட்டும் தலைகளைத் தட்டிக் குட்டையாக்கினால் எல்லோரையும் கூரையோடு ஒட்டி நிற்கவைக்கலாம். பக்கத்துக் கம்பெனி பாட்டைவிட நம் பாட்டு ரேடியோவில் உரக்கக் கேட்க வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தார். அவரைவிட உரக்க என்று அடுத்தவர். சத்தப்போர் என்று சரித்திரம் இதைக் குறிக்கிறது. தோற்றது காது.

அந்தப் போரின் மும்முரத்தில்தான் ராப் ஆல்பங்களின் பத்தாவது, பதினைந்தாவது ஆண்டு விழாக்கள் வரிசையாக வந்து தொலைந்தன. கம்பெனிகள் பெட்டியைத் திறந்து, பழைய ஆல்பத்தை எடுத்து, ஒரு ஸ்டிக்கர் ஒட்டின: ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’.

நம்மூரில் கும்பாபிஷேகம் என்றால் சில இடங்களில் கருங்கல் தூண் மேல் மணலைப் பீய்ச்சியடித்துப் பளபளப்பாக்குவார்கள். அழுக்கு போகும்; சிற்பத்தின் மூக்கும் கொஞ்சம் போகும். சத்தப்போர்க் காலத்து ரீமாஸ்டர் அந்த வகை. பழைய சிடியின் பாட்டைக் கணினியில் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு ஸ்நேர் டிரம் அடியும் தனித்தனி முள்ளாக நிமிர்ந்து நிற்கும், நடுவே காலியிடம் தெரியும். அடாவடி ரீமாஸ்டரைத் திறந்தால் முழுக்க ஒரே கனத்த பட்டை.

காதில் இது எப்படி விழும்? ராப்பில் ஸ்நேர் அடியின் முதல் சில மில்லி விநாடிதான் உயிர். அந்த ‘டக்’ என்ற முனை குரலுக்கு மேலே துள்ளி எழ வேண்டும். பாடுகிறவன் அந்த முனையில் கால் வைத்துத்தான் அடுத்த வரிக்குத் தாவுகிறான். லிமிட்டர் முதலில் வெட்டுவது அந்த முனையைத்தான். மிஞ்சுவது ‘டப்’. உச்சியை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்குவதால் கீழே பதுங்கியிருந்த தட்டுக் கீறலும் டேப் இரைச்சலும் மாடி ஏறி வந்து உட்கார்ந்துகொள்ளும். தெளிவு கூடியிருக்கிறது என்று ஸ்டிக்கர் சொல்லும், கூடியது கரகரப்பு. முதல் இரண்டு நிமிஷம் பிரமாதமாகத்தான் இருக்கும். உரக்கக் கேட்பது எதுவும் நல்லதாகத் தோன்றுவது மனிதக் காதின் பலவீனம். நாற்பது நிமிஷம் கேட்டால் தலைவலித் தைலம் தேட வேண்டிவரும்.

எல்லா ரீமாஸ்டரையும் ஒரே கூடையில் போடுவது அநியாயம். ட்ரைப் குழுவின் முதல் ஆல்பத்துக்கு 2015-ல் 25-ம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, மூல டேப்பை எடுத்து வேலை செய்தவர் அதே பாப் பவர். அன்றைக்கு அறையில் இருந்தவர் என்பதால் எது அழுக்கு, எது மச்சம் என்று அவருக்குத் தெரியும். பெரும்பாலான ஆல்பங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

மூல டேப் என்று ஒன்று கிடைத்தால்தானே? ரிஸாவின் வீட்டு அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து நூற்றுக்கணக்கான பீட்டுகள் போயின. குழுவில் சிலரின் ஆல்பமே அதில் மூழ்கியது. 2008 ஜூன் 1-ல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் தீ பிடித்தபோது மாஸ்டர் டேப் கிடங்கும் எரிந்தது. பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்ற தொனியில் அப்போது பேசிவிட்டார்கள். பதினொரு வருஷம் கழித்து நியூயார்க் டைம்ஸ் நாளேடு, எரிந்தவை லட்சத்துக்கும் மேல் என்று எழுதியது. கம்பெனி அதை மறுத்தது. ஆள் ஆளுக்கு ஒரு கணக்கு.

ஆனால் வெள்ளத்தையும் தீயையும்விடப் பலமாக ராப் ஆல்பங்களின் ஒலியை மாற்றியவர்கள் கருப்பு அங்கிக்காரர்கள். 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிபதி கெவின் டஃபி முன்னால் பிஸ் மார்க்கி என்ற தமாஷ் ராப்பரின் வழக்கு வந்தது. கில்பர்ட் ஓ’சல்லிவனின் சோகப் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் ஒரு துண்டை எடுத்துவிட்டார். நீதிபதி முதலில் சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை. பைபிளின் பத்துக் கட்டளைகளில் திருட்டைப் பற்றிய கட்டளையோடு தீர்ப்பை ஆரம்பித்தார். கிரிமினல் நடவடிக்கைக்கும் பரிந்துரைத்தார். ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பியது. பிஸ் மார்க்கி அசரவில்லை. 1993-ல் அடுத்த ஆல்பம் வெளியிட்டார். அதன் பெயருக்கு அர்த்தம், எல்லாச் சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாகிவிட்டது. அட்டையில் நீதிமன்றக் காட்சி.

அதற்குப் பிறகு ரீமாஸ்டர் மேஜையில் பொறியாளருக்குப் பக்கத்து நாற்காலி வக்கீலுக்கு. நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 1994-ம் வருஷத்து ‘ரெடி டு டை’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் ரீமாஸ்டர் பதிப்பு வந்தது. 2006 மார்ச்சில் நாஷ்வில் நகர ஜூரி, தலைப்புப் பாட்டில் ஓஹையோ பிளேயர்ஸ் குழுவின் ஊதுவாத்தியத் துண்டை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக 42 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் தொகையின் பெரும்பகுதி அடிபட்டது வேறு கதை. விற்பனைக்குத் தடை வந்து, மறுபடி கடைக்கு வந்தபோது அந்தத் துண்டு பாட்டில் இல்லை. எந்தப் பதிப்பில் பாஸ் நன்றாக இருக்கிறது என்று ரசிகன் காதைத் தீட்டிக்கொண்டிருக்கையில் பாட்டின் ஒரு வாத்தியமே வீட்டைக் காலி செய்துவிட்டது. வழக்குப் போட்ட பிரிட்ஜ்போர்ட் கம்பெனி 2001-ல் சுமார் 800 பேர் மேல் ஒரே மூச்சில் வழக்குத் தொடுத்த மகானுபாவர்கள். வாத்தியம் எதுவும் வாசிக்காமல் ராப்பின் ஒலியை இவ்வளவு மாற்றியவர்கள் வேறு யாருமில்லை.

டி லா சோல் குழுவின் கதை இதைவிட விசேஷம். 1989-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஸ்டீலி டான் உண்டு, ஹால் அண்ட் ஓட்ஸ் உண்டு, ஓட்டிஸ் ரெட்டிங்கின் விசில் உண்டு, பிரெஞ்சு கற்றுக்கொடுக்கும் இசைத்தட்டுகூட உண்டு. சாம்பிள் ஒப்பந்தங்கள் தட்டு, கேசட், சிடி காலத்துக்காக எழுதப்பட்டவை. இணையத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பயந்துபோன கம்பெனி ஆல்பத்தை இணையப் பக்கமே விடவில்லை. பொறுத்துப் பார்த்த குழுவினர் 2014 காதலர் தினத்தன்று, 25 மணி நேரத்துக்கு எங்கள் ஆல்பங்களை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். ஜனம் அள்ளியது. அள்ளியவர்களில் துப்பறியும் புலிகள் சிலர் கோப்புகளின் அடையாளக் குறிப்புகளைப் பார்த்து விழித்தார்கள். அவை ஒரு ரஷ்யத் திருட்டு இணையதளத்திலிருந்து இறக்கியவை என்று செய்தி வெளியானது. தங்கள் ஆல்பத்தின் நல்ல பிரதிக்கு அதை உருவாக்கியவர்களே கள்ளச்சந்தைக்குப் போகவேண்டியிருந்தது! ஒருவழியாக 2023 மார்ச் 3-ல் ஆல்பங்கள் முறைப்படி இணையத்துக்கு வந்தன, அனுமதி கிடைக்காத சில துண்டுகளை மாற்றியமைத்து. குழுவின் மூவரில் ஒருவரான ட்ருகாய் அதற்கு மூன்று வாரம் முன்னால் காலமாகியிருந்தார்.

டாக்டர் டிரேயும் தப்பவில்லை. அவர் என்றோ விட்டு விலகிய கம்பெனி திவாலாகி, 2009-ல் ஒரு கனடாக் கம்பெனி கைக்குப் போனது. புது முதலாளிகள் ‘தி க்ரானிக்’ ஆல்பத்தைப் பளபளவென்று மறுபதிப்புப் போட்டார்கள். பென்சில் பிடித்து ஒவ்வொரு ஒலியையும் அளந்த மனிதரைக் கேட்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். 2011-ல் டிஜிட்டல் விற்பனை உரிமை அவர்களுக்கு இல்லை என்று தீர்ப்பு வாங்கினார். இதற்கு நடுவே அதே டிரே விற்றுக்கொண்டிருந்த ‘பீட்ஸ்’ ஹெட்ஃபோன் பாஸை இஷ்டத்துக்கு ஏற்றிக் காட்டுகிறது என்று ஒலிப் பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். 2014-ல் ஆப்பிள் அந்தக் கம்பெனியை 300 கோடி டாலருக்கு வாங்கியது. நுணுக்கமான மாஸ்டரிங்கில் அவ்வளவு பணம் வராது.

சத்தப்போரின் முடிவுதான் உச்சக்கட்டத் தமாஷ். ஸ்பாட்டிஃபை முதலான சேவைகள் வந்து, எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டைச் செய்தன. உரக்க இருக்கும் பாட்டைத் தானாகவே கீழே இறக்கிவிடும். பதினைந்து வருஷம் தலையைத் தட்டித் தட்டி ஏற்றிய டெசிபலை ஒரு கணினி நிரல் ஓசைப்படாமல் பிடுங்கிக்கொண்டது. இப்போது 1991-ன் அடக்கமான பழைய சிடிப் பதிப்பும் 2001-ன் அலறல் ரீமாஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே சத்தத்தில் ஓடினால், துள்ளுவது பழையதுதான். மற்றது நசுங்கிக் கிடப்பது அப்பட்டமாகத் தெரிகிறது.

நல்ல புத்தி வந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இன்றைய தயாரிப்பாளர்கள் சுத்தமான கணினி ஒலியில், தட்டுக் கீறலும் தூசிச் சத்தமும் சேர்க்கும் மென்பொருள்களைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எஸ்.பி.-1200-ஐ வடிவமைத்த டேவ் ராஸமே 2021-ல் அதை மறுபடி தயாரித்து விற்றார். அதே 12 பிட், அதே கரகரப்பு, விலை கிட்டத்தட்ட 4,000 டாலர்.

பிரதிகளின் தொல்லையே வேண்டாம் என்று வூ-டாங் குழு ஒரு முறை முடிவெடுத்தது. ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் ஷாலின்’ என்று ஒரு ஆல்பம் தயாரித்து, உலகத்துக்கே ஒரே ஒரு பிரதி என்று வெள்ளிப் பெட்டியில் வைத்தார்கள். 2103 வரை வியாபார ரீதியாக வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தம். 2015-ல் மார்ட்டின் ஷ்க்ரேலி வாங்கினார், விலை 20 லட்சம் டாலர் என்றார்கள். மருந்து விலையை ஏற்றி உலகத்திடம் திட்டு வாங்கிய அதே ஷ்க்ரேலி. மோசடி வழக்கில் அவர் ஜெயிலுக்குப் போக, அரசாங்கம் ஆல்பத்தைப் பறிமுதல் செய்து 2021-ல் வேறொரு குழுவுக்கு விற்றது. 2024-ல் அந்தக் குழு நீதிமன்றத்துக்கு ஓடியது: ஷ்க்ரேலி முன்ஜாக்கிரதையாகக் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு அதை இணையத்தில் போட்டுக்காட்டிக்கொண்டிருந்தாராம். வைத்திருக்கும் காப்பிகளையெல்லாம் ஒப்படை என்று நீதிபதி உத்தரவு போட்டார்.